எங்கள் இரவு ரயிலை நிறுத்தியது யார்? ஐரோப்பியப் போக்குவரத்து அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்களுக்கு,

2025 டிசம்பர் 14ஆம் திகதி புதிய ரயில் அட்டவணை நடைமுறைக்கு வந்தபோது, பரிஸிலிருந்து பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் ஓடிக்கொண்டிருந்த இரவு ரயில்கள் அதில் இல்லை. 2026இலிருந்து பணம் தர முடியாது என்று பிரெஞ்சு அரசு சொல்லிவிட்டது. பங்காளி நாடு பணம் தராமல் ஓட்ட முடியாது என்று ஆஸ்திரிய ரயில்வே விலகிக்கொண்டது. அதே மாதம் சுவிஸ் நாடாளுமன்றம், தன் நாட்டு நகரான பாசலிலிருந்து கொப்பன்ஹேகன் வழியாகச் சுவீடனின் மால்மோவுக்கு 2026 வசந்தத்தில் தொடங்க இருந்த இரவு ரயிலுக்கான 1 கோடி ஃபிராங்கை வரவு செலவுத் திட்டத்திலிருந்து வெட்டியது. அந்த ரயில் ஒரு நாள்கூட ஓடவில்லை. ஸ்டொக்ஹோமையும் பெர்லினையும் இணைக்கும் இரவு ரயிலுக்கான அரச ஆதரவை 2026 கோடைக்குப் பிறகு நீட்டிப்பதில்லை என்று சுவீடன் முடிவு செய்தது.

இவற்றில் ஒன்றுகூட ஆட்கள் ஏறாததால் எடுத்த முடிவு இல்லை. மூன்றும் மேசையில் இருந்து எடுத்த பண முடிவுகள். மூன்றிலும் ஒரு நாடு எடுத்த முடிவால் இரண்டு மூன்று நாட்டு மக்களின் ரயில் போனது. அதனால்தான் இந்த மடலை ஒரு நாட்டு அமைச்சருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பரிஸில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பங்கள் எப்படிச் சிதறின என்பது உங்கள் குடிவரவு அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே வீட்டில் பிறந்த ஒருவருக்குப் பிரான்சில் தஞ்சம் கிடைத்தது, இன்னொருவருக்கு ஜேர்மனியில், மற்றவருக்குச் சுவிஸில். யாரும் வரைபடத்தை விரித்து வைத்து நாட்டைத் தெரிவு செய்யவில்லை. நாற்பது வருடமாகக் கல்யாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு, அந்தியேட்டி என்று எல்லாவற்றுக்கும் எல்லை தாண்டித்தான் போய் வருகிறோம். ஐரோப்பாவில் எல்லை தாண்டிய ரயில் என்றால் உல்லாசப் பயணிகளின் ஆசை என்று உங்களில் சிலர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடும் வண்டி. போலந்துக்காரருக்கும் துருக்கிக்காரருக்கும் போர்த்துக்கல்காரருக்கும் அப்படித்தான்.

என் அக்கா பெர்லினில் இருக்கிறா. அம்மா என்னோடு. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் சரியில்லை. விமானத்தில் போவதென்றால் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பாருங்கள். புறநகர் ரயிலில் ஏறி விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அதுவும் மலிவு டிக்கெட் என்றால் பல நேரம் பரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பொவே விமான நிலையத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். சப்பாத்தைக் கழற்று, இடுப்புப் பட்டியைக் கழற்று, 100 மில்லிலீற்றருக்கு மேல் இருக்கிற ஊறுகாய்ப் போத்தலை எறி. பிறகு முடிவில்லாத நடை. வானத்தில் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம்தான், ஆனால் வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். போய்ச் சேரும்போது அம்மாவால் நிற்க முடியாது.

நிறுத்தப்பட்ட அந்த இரவு ரயில் ஓடிய காலத்தில், பரிஸின் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து மாலை ஏழு மணியளவில் புறப்படும். எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பலிலிருந்து அது நடக்கிற தூரம். வேலை முடிந்து வந்து, முருங்கைக்காயும் கறித்தூளும் அக்காவின் பிள்ளைகளுக்குப் பிடித்த பலகாரமும் வாங்கிக்கொண்டு நேரே ஏறலாம். பையை யாரும் நிறுக்கமாட்டார்கள். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை எடுத்து வைப்பேன். விரிப்பும் கம்பளியும் தலையணையும் தருவார்கள். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்போ பின்போ ஸ்ட்ராஸ்பூர்க். அங்கே வண்டி நின்று கிடப்பது நித்திரையிலும் தெரியும். விடிய எழும்பினால் ஜேர்மனியின் நடுப்பகுதி, வயலும் காற்றாலையும். பெட்டிப் பொறுப்பாளர் பாணும் பட்டரும் ஜாமும் கோப்பியும் கொண்டுவந்து தருவார். பெர்லினில் இறங்கும்போது அம்மா முகம் கழுவி, தலை இழுத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்குவா. வந்து சேர்ந்த அன்றே அவவால் பேரப்பிள்ளைகளோடு சந்தைக்குப் போக முடிந்தது.

நான் சொல்லும் வசதி இவ்வளவுதான். ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆறு பேர் படுக்கும் அறையில் முன்பின் தெரியாதவர்களோடு படுப்பதில் சிரமமும் உண்டு. ஆனாலும் மக்கள் அதைத் தேடி வந்தார்கள். எங்களோடு பயணம் செய்தவர்களில் செல்லோ வாத்தியத்தோடு வந்த இசை மாணவி ஒருத்தி இருந்தாள். விமானத்தில் அந்த வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும் என்றாள். கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. காதில் அறுவை சிகிச்சை செய்ததால் விமானத்தில் ஏறக்கூடாத ஒரு ஆசிரியர். காலையில் கூட்டம், மாலையில் திரும்பும் வண்டி, விடுதிச் செலவு இல்லை என்று கணக்குப் போட்டு வந்த ஒரு கட்டடக் கலைஞர். பூமி சூடாகிறது என்பதற்காக விமானமே வேண்டாம் என்று முடிவெடுத்த மாணவர்கள் பலர். அவர்களின் கணக்கிலும் பிழை இல்லை. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2018ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கின்படி, ஒருவர் ஒரு கிலோமீட்டர் பயணம் செய்யும்போது ரயிலில் வெளியாகும் பூமியைச் சூடாக்கும் வாயு சராசரியாக 33 கிராம், விமானத்தில் 160 கிராம்.

இந்த ரயிலுக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், கோடை விடுமுறைக்குக் கீழ்ப்படுக்கை எடுக்க முயன்ற எவரையும் கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். கிழமைக்கு மூன்று இரவுதான் ஓடியது. வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்ப வேண்டிய தொழிலாளிக்கு, இரண்டு நாளும் வண்டி இருந்தால்தானே உதவி? 2024 ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு இரவும் ஓடும் என்று அறிவித்தார்கள். அது வரவே இல்லை. அதற்குப் பதிலாக 2024 ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் கடைசிவரை, தண்டவாள வேலை என்று பெர்லின் ரயிலை நிறுத்தியே வைத்தார்கள். ஓடிய நாட்களிலும் டிக்கெட் விற்பனை பிந்தித் திறந்தது. விமான டிக்கெட்டைப் பத்து மாதத்துக்கு முன்பே வாங்கலாம். டிசம்பர் அட்டவணை மாற்றத்துக்குப் பிறகு வரும் நத்தார் விடுமுறைக்கான இரவு ரயில் எப்போது விற்பனைக்கு வரும் என்று நாங்கள் இலையுதிர் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்படி நடத்திவிட்டு, நட்டத்தில் ஓடுகிறது என்று மூடினீர்கள்.

கொஞ்சம் பின்னே போகவேண்டியிருக்கிறது. பரிஸ்–பெர்லின் இரவு ரயில் 2014 டிசம்பரில் ஒருமுறை நிறுத்தப்பட்டது. பரிஸிலிருந்து மட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் போன இரவு ரயில்கள் அதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டன. 2016 டிசம்பரில் ஜேர்மன் ரயில்வே தன் இரவு ரயில் சேவையையே மூடியது. மிஞ்சிய பாதைகளில் ஒரு பகுதியை ஆஸ்திரியா துணிந்து எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நிறுத்திய பரிஸ்–வெனிஸ், மட்ரிட்–லிஸ்பன் ரயில்கள் பிறகு திரும்பவில்லை.

அப்புறம் நீங்கள்தான் நம்பிக்கை கொடுத்தீர்கள். 2020 டிசம்பர் 8ஆம் திகதி ஆஸ்திரியா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் ஆகிய நான்கு நாடுகளின் ரயில் நிறுவனங்கள், உங்கள் பதவியில் அப்போது இருந்தவர்களின் ஆசியோடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வியன்னா–பரிஸ் 2021 டிசம்பரில் வரும், பெர்லின்–பரிஸ் 2023 டிசம்பரில் வரும், சூரிச்–பார்சலோனா 2024 டிசம்பரில் வரும் என்றார்கள். முதல் இரண்டும் சொன்னபடி வந்தன. சூரிச்–பார்சலோனா வரவில்லை. 2021ஐ ஐரோப்பிய ரயில் ஆண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. லிஸ்பனிலிருந்து வெளிக்கிட்டு நாடு நாடாகப் போய்ப் பரிஸில் முடிந்த ஒரு சிறப்பு ரயிலும் விட்டீர்கள். பெர்லினிலிருந்து முதல் இரவு ரயில் 2023 டிசம்பரில் பரிஸுக்கு வந்தபோது கமெராக்களும் பேச்சுகளும் இருந்தன. சரியாக இரண்டு வருடத்தில் அதே ரயில் இல்லை. வந்த முதல் நாளில் பேசியவர்களில் எத்தனை பேர் அது நின்ற நாளில் மக்கள் முன்னால் வந்து காரணம் சொன்னீர்கள்?

இரவு ரயில் ஓட்டுவது செலவான வேலை என்பதை நான் மறுக்கவில்லை. பகல் ரயிலின் ஒரு பெட்டியில் எண்பது பேர் இருக்கலாம்; ஒரே நாளில் அந்தப் பெட்டி பல தடவை போய் வரும். தூங்கும் வசதியுள்ள பெட்டியில் அதில் பாதிப் பேர்கூடப் படுக்க முடியாது, ஒரு இரவுக்கு ஒரு பயணம்தான். தண்டவாளப் பாவனைக் கட்டணமோ ரயில் ஓடும் கிலோமீட்டருக்கு. உள்ளே எத்தனை பேர் என்று அது பார்ப்பதில்லை. பிரான்சின் மின்கம்பியில் ஒரு அழுத்தம், ஜேர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேறு அழுத்தம். எல்லையில் எஞ்சின் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லா அழுத்தத்திலும் ஓடும் விலை கூடிய எஞ்சின் வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டு மொழியும் சமிக்ஞையும் தெரிந்த சாரதி வேண்டும். இரவுச் சம்பளம் வேறு. இவ்வளவும் உண்மை.

ஆனால் பொதுப் பணம் இல்லாமல் தனியாக நின்று இலாபம் காட்டு என்று வேறு எந்த ரயிலிடம் கேட்கிறீர்கள்? என் வீட்டு வாசலில் ஓடும் புறநகர் ரயிலுக்கு அரசு பணம் தருகிறது. ஜேர்மனியின் பவேரியா மாநிலக் கிராமத்துக்குப் போகும் ரயிலுக்கும் அரசு தருகிறது. அது பொதுச் சேவை என்று சட்டமே சொல்கிறது, நல்லது. பிரான்ஸ் தன் நாட்டுக்குள் ஓடும் இரவு ரயில்களுக்கு இதே அடிப்படையில்தான் உதவுகிறது. 2021இல் பரிஸ்–நீஸ் இரவு ரயிலைத் திரும்பக் கொண்டுவந்ததும், 2023இல் ஒரியாக் என்ற நகருக்கு விட்டதும் அப்படித்தான். அந்த முடிவுகளுக்காகப் பிரெஞ்சு அரசைப் பாராட்டுகிறேன். ஆனால் எல்லையைத் தாண்டியதும் அதே படுக்கை, அதே பயணி, அதே தேவை எப்படிப் பொதுச் சேவை இல்லாமல் போகும்?

விமானத்துக்கு நீங்கள் தரும் சலுகையைப் பார்க்கும்போது ஆத்திரமாக இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் விமானத்தின் எரிபொருளுக்கு வரி இல்லை. சர்வதேச விமான டிக்கெட்டுக்குப் பெறுமதி சேர் வரி இல்லை. ரயில் டிக்கெட்டுக்கு உங்களில் பல நாடுகள் அந்த வரியை வாங்குகின்றன; ரயில் இழுக்கும் மின்சாரத்துக்கும் வரி உண்டு. சுவீடன் 2025 ஜூலையில் விமானப் பயண வரியை முழுதாக எடுத்துவிட்டது. அதே நாடு இரவு ரயிலுக்கான பணத்தையும் நிறுத்துகிறது. ஜேர்மனி 2026 ஜூலையிலிருந்து விமான டிக்கெட் வரியைக் குறைப்பதாக 2025இல் அறிவித்தது. பிரான்ஸ் எதிர்த் திசையில் போனது: 2025 மார்ச்சில், ஐரோப்பாவுக்குள் போகும் சாதாரண வகுப்பு விமான டிக்கெட்டுக்கு இருந்த 2.63 யூரோ வரியை 7.40 யூரோ ஆக்கியது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானத்தைத் தடுக்கும் சட்டத்தையும் 2023இல் நடைமுறைப்படுத்தியது. அந்தப் பிரான்ஸ்தான் விமானத்தை விட்டு வந்தவர்கள் ஏறிய ரயிலையும் நிறுத்தியது. பறக்காதே என்று வரி போடும் அரசு, பறக்காதவருக்கு வழி விட வேண்டாமா?

பகல் ரயில் இருக்கிறதே என்று சொல்வீர்கள். உண்மை, 2024 டிசம்பரிலிருந்து பரிஸுக்கும் பெர்லினுக்கும் நேரடியாக ஒரு அதிவேக ரயில் எட்டு மணி நேரத்தில் ஓடுகிறது. நல்ல ரயில். ஆனால் அது ஒரு நாளைத் தின்றுவிடும். சம்பளம் நாள் கணக்கில் வாங்குபவருக்கு, கடை வைத்திருப்பவருக்கு, போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று விடுப்பு எடுக்க முடியாது. செத்தவீட்டுச் செய்தி மாலையில் வந்தால் மறுநாள் காலையில் அங்கே நிற்கவேண்டும். பரிஸ்–வியன்னாவுக்கு அந்த வழியும் இல்லை, மாறி மாறித்தான் போகவேண்டும்.

மாறிப் போவது என்பதைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். வேறொரு பாதையில், எந்த நிறுவனம் என்று இங்கே பெயர் சொல்ல விரும்பவில்லை, இரண்டு நாட்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி இரவு ரயிலுக்கு மாறப் போனோம். முதல் ரயில் பிந்தியது. இரவு ரயில் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பிந்தியது எங்கள் ரயில் இல்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார் இரவு ரயில்காரர். எங்கள் டிக்கெட்டில் குறித்த நிலையத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்களே, அதோடு எங்கள் கடமை முடிந்தது என்றார் முதல் ரயில்காரர். பிந்தியதற்காக டிக்கெட் விலையில் கால்வாசி திரும்பக் கிடைத்தது. தவறவிட்ட இரவு ரயிலின் படுக்கைக் காசு மொத்தமாகப் போனது, அம்மா விடியும்வரை நிலையத்து வாங்கில் இருந்தா. இதைச் சட்டப்படியே செய்தார்கள் என்பதுதான் என் முறைப்பாடு. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ரயில் பயணிகள் உரிமைச் சட்டம், ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் பொறுப்பை நிறுவனத்தின்மேல் போடுகிறது. பல நிறுவனங்களின் ரயில்களை ஒரே டிக்கெட்டாக விற்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஆணையத் தலைவர் 2024இல் ஒரே டிக்கெட், ஒரே இடத்தில் பதிவு, முழுப் பயணத்துக்கும் உரிமை என்று வாக்குத் தந்தார். அந்த வாக்கு சட்டமாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெரும்பாலான பயணிகள் எழுதமாட்டார்கள். 2024 செப்டெம்பரிலிருந்து ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பிரான்ஸ் 2015இலிருந்து வைத்திருக்கிறது. அதைப் பற்றி இந்த மடலில் வாதாட வரவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு எல்லையில் ஏறும் காவலர்கள், ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் கறுத்த தோலுள்ள இருவரை மட்டும் தட்டி எழுப்பிக் கடவுச்சீட்டைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுப்பப்பட்டவர்களில் ஒருவர் என் அம்மா. எல்லோருடைய பத்திரத்தையும் பாருங்கள், அல்லது ஏறும் நிலையத்திலேயே பார்த்துவிடுங்கள். படுக்கையில் ஆள் பார்த்து எழுப்புவது அவமானம்.

பெல்ஜிய, டச்சுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற கூட்டுறவு நிறுவனம், 2026 மார்ச் கடைசியிலிருந்து பரிஸ்–பெர்லின் இரவு ரயிலைப் பிரசெல்ஸ் வழியாகக் கிழமைக்கு மூன்று முறை ஓட்ட முன்வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அவர்களின் துணிச்சலைக் காட்டி நீங்கள் கை கழுவக்கூடாது. சாதாரண மக்களிடம் சிறு சிறு பங்காகக் காசு சேர்த்து, எங்கெங்கோ வாடகைக்குக் கிடைத்த பழைய பெட்டிகளைக் கொண்டு ஓட்டுபவர்கள் அவர்கள். ஒரு பெட்டி பழுதானால் மாற்றிப் போட இன்னொன்று கிடைப்பது கடினம். ஒரு கோடை முழுவதும் தண்டவாள வேலை என்று பாதையை மூடினால் தாங்குவார்களா? புதுப் பெட்டி செய்விக்கப் பல ஆண்டு பிடிக்கும். அடுத்த வருடம் பணம் வருமா, பாதை கிடைக்குமா என்று தெரியாத நிறுவனத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? வியன்னா பாதையை அவர்களும் எடுக்கவில்லை.

ஒரு பாதை அறுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு மெயிலில் போய் வந்தவ. 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் திரும்ப ஓடியது. இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்ற நினைப்பே வரவில்லை, அவர்கள் பஸ்ஸோடு பழகிவிட்டார்கள். தண்டவாளத்தையும் நிலையங்களையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே போர் இல்லை, தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. ஆனால் பெட்டிகள் வேறு பாதைக்குப் போய்விடும், பழகிய ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பயணிகள் விமான நிறுவனத்தின் செயலியைத் திறந்துவிடுவார்கள். பரிஸ்–பெர்லினில் இது 2014க்குப் பிறகு ஒருமுறை நடந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஒன்பது வருடம் எடுத்தது. திரும்ப வந்த ரயிலுக்கு நீங்கள் கொடுத்த காலம் இரண்டே வருடம்.

இந்த எல்லாக் குழப்பத்துக்கும் ஒரு அடிப்படைக் காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். நாடு தாண்டும் இரவு ரயிலுக்குச் சொந்தக்காரர் இல்லை. நான்கு நாட்டு நிதி அமைச்சுகளும் வருடா வருடம் ஆம் என்றால்தான் அது ஓடும். ஒருவர் இல்லை என்றால் போதும், நின்றுவிடும். இல்லை என்றவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, ஏனென்றால் மறு முனையில் இருக்கும் பயணி அவருக்கு வாக்குப் போடுபவர் அல்ல. பிரெஞ்சு அமைச்சர் எடுத்த முடிவைப் பற்றிப் பெர்லினில் இருக்கும் என் அக்கா யாரிடம் போய்க் கேட்பது? இந்த அமைப்பை மாற்றாமல் புதுப் பாதை எத்தனை அறிவித்தாலும் அவை ஒவ்வொரு டிசம்பரும் பயந்துகொண்டே ஓடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

பரிஸ்–வியன்னா இரவு ரயிலைத் திரும்ப ஓட்டுவதற்கான பேச்சைப் பிரான்ஸ், ஜேர்மனி, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாட்டு அமைச்சர்களும் சேர்ந்து உடனே தொடங்குங்கள். பெர்லின் பாதையை இப்போது எடுத்திருப்பவர்களுக்கு, அவர்கள் ஓட்டும் இரவுகளுக்குத் தண்டவாளப் பாவனைக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுங்கள். வேலைகளுக்காகப் பாதையை மூடும்போது மாற்றுப் பாதை ஒதுக்கிக் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். சுவிஸ், சுவீடன் அரசுகள் தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றும் கேட்கிறேன்.

வருடத்துக்கு வருடம் பணம் தருவதை நிறுத்துங்கள். நாடு தாண்டும் இரவு ரயில்களைப் பொதுச் சேவையாக ஏற்று, ஆகக் குறைந்தது பத்து வருட ஒப்பந்தமாகப் போடுங்கள். அதற்கான பணத்தில் ஒரு பங்கு ஒன்றியத்தின் பொது நிதியிலிருந்து வரட்டும். ஒரு நாடு விலக நினைத்தால் இரண்டு வருட முன்னறிவித்தலும், பாதிக்கப்படும் மறு நாட்டு மக்களின் கருத்தைக் கேட்பதும் கட்டாயம் என்று எழுதுங்கள். பெட்டிகளை நாடுகள் சேர்ந்து பொதுவில் வாங்கி, ஓட்ட முன்வருபவர்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள்.

விமான எரிபொருளுக்கு ஐரோப்பாவுக்குள்ளாவது வரி போடுங்கள். அது முடியாது என்றால், நாடு தாண்டும் ரயில் டிக்கெட்டின் பெறுமதி சேர் வரியையாவது எல்லா நாடுகளிலும் எடுத்துவிடுங்கள்.

எந்த நிறுவனத்தின் ரயிலாக இருந்தாலும் ஒரே டிக்கெட்டாக வாங்கவும், ஒன்று பிந்தினால் அடுத்த ரயிலிலோ மறுநாள் படுக்கையிலோ மேலதிகக் கட்டணம் இல்லாமல் ஏறவும் உரிமை கொடுங்கள். ஒரு இரவு வெளியில் நிற்க நேர்ந்தால் விடுதி கொடுப்பது யார் பொறுப்பு என்பதைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதுங்கள். டிக்கெட் விற்பனை ஆறு மாதத்துக்கு முன்பே திறக்க வேண்டும்.

ஒவ்வொரு இரவு ரயிலிலும் படி ஏற முடியாதவர்களுக்கான அறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும். எல்லைச் சோதனை செய்தே ஆகவேண்டும் என்றால் பாகுபாடில்லாமல் எல்லோரிடமும், ரயில் ஏறும் நிலையத்தில் செய்யுங்கள்.

உங்கள் அடுத்த அமைச்சர்கள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைத் தனி விடயமாகச் சேர்த்து, எந்தப் பாதைக்கு எந்த நாடு எந்த ஆண்டுவரை எவ்வளவு தரும் என்பதைக் கூட்டம் முடிந்ததும் எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பரிஸிலிருந்து ஒரு பயணி